முப்பத்திரண்டு போல்ட்

தேவகிருபை டீச்சருக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று.

டீச்சர் செம்பாறைமலை மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தினார். பள்ளி விட்டதும் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, உரிமம் பெற்ற தன் வால்வு ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுவார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற திருமலைக்கொழுந்து, அவரிடம் மோர்ஸ் தந்திக் குறிகள் படிக்கப் போனார். தேர்வு எழுதினார். உரிமமும் வாங்கினார். அதற்குப் பிறகும் போவதை நிறுத்தவில்லை.

திருமலைக்கொழுந்திடம் இரண்டு பழைய வால்வு ரேடியோ செட்டுகள் இருந்தன. ஒன்று கேட்க, ஒன்று பேச. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. ஒவ்வொரு உதிரிப் பாகமாகத் தேடிச் சேர்த்து அவற்றைப் பேச வைக்க ஒன்பது வருஷம் ஆனது.

பேச வைத்த பிறகு பயம் வந்தது.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க சார்.”

“வானத்துல ரொம்ப உயரத்துல ஒரு குண்டு வெடிச்சா மின்காந்தத் துடிப்புன்னு ஒண்ணு இறங்குமாம். ஒரு நொடிகூட ஆகாதாம். ஆன்டெனா வழியா, கரன்ட் வயர் வழியா உள்ளே புகுந்து எல்லாத்தையும் பொசுக்கிடுமாம். படிச்சதுல இருந்து தூக்கம் வரல.”

“வால்வு செட் கொஞ்சம் தாங்கும் சார்.”

“கொஞ்சம் போதாது டீச்சர். எனக்கு இன்னொரு ஒன்பது வருஷம் கிடையாது.”

டீச்சர் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பிஸ்கட்டைத் தட்டில் கொட்டினார். சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றில் பாட்டு வைத்து, டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

பாட்டு மூடிக்குள்ளிருந்து மங்கலாகக் கேட்டது.

“கேட்குதே” என்றார் சீடர்.

டீச்சர் மூடியின் விளிம்பிலும் டப்பாவின் வாயிலும் இருந்த பெயின்டை உப்புக் காகிதத்தால் தேய்த்து எடுத்தார். மறுபடி அழுத்தி மூடினார். சுற்றிலும் அலுமினியத் தாளை இடைவெளி விடாமல் ஒட்டினார். பாட்டு நின்றது. உள்ளே இரைச்சல் மட்டும் கேட்டது.

“இடுக்கு இருந்தா உள்ளே வரும். இல்லேன்னா வராது. உள்பக்கம் அட்டை போட்டுக்குங்க, செட் தகரத்தைத் தொடக் கூடாது. அப்புறம், பெட்டி இருந்தாலும் இல்லாட்டியும், இடிச் சத்தம் கேட்டதும் முதல் வேலையா ஆன்டெனாக் கம்பியைக் கழட்டிடணும். அவ்வளவுதான் சார்.”

சீடர் பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். பல நாளுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுவாரம் கீழ் பஜாரில் இருந்த வெல்டிங் பட்டறையில் பெட்டி செய்யக் கொடுத்தார். கனமான இரும்புத் தகடு. மூலைகளில் இடைவெளியே இல்லாத வெல்டிங். பெட்டியின் வாயைச் சுற்றி செம்பு வலையைத் தானே மடித்து மடித்து வைத்தார். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. மூடியைச் சுற்றி முப்பத்திரண்டு போல்ட். செட்டுகளையும் உதிரி வால்வுகளையும் அட்டையில் சுற்றி உள்ளே அடுக்கினார். தன் கைபேசியையும் உள்ளே போட்டு முடுக்கிவிட்டு, மனைவியின் கைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் வந்தது.

டீச்சரைக் கூட்டிவந்து காட்டினார்.

டீச்சர் பெட்டியைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

“நல்லா செஞ்சிருக்கீங்க சார்.”

“ஒரு துரும்பு நுழையாது டீச்சர்.”

“திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“மூடறதுக்குத்தான் நேரம். ஒரே பக்கமா முடுக்கினா வலை மடங்கிடும். எதிரெதிரா முடுக்கணும்.”

“திறக்க?”

“கால் மணி நேரம் ஆகலாம். ஏன் டீச்சர்?”

“கேட்டேன் சார்.”

டீச்சர் காபி குடித்துவிட்டுப் போனார்.

சீடரின் மனைவி சண்முகவடிவு பெட்டியின் மேல் ஒரு துணியை விரித்துப் போட்டார். “இனிமே உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு நான்தான்” என்றார்.

அது உண்மையாயிற்று. பேச நினைத்த நாளெல்லாம் போல்ட்டுகள் நினைவுக்கு வந்தன. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவார். கையடக்கமான ஒரு சிற்றலை ரேடியோவை மட்டும் ஜன்னலில் வைத்து, டீச்சர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது போனால் போகட்டும் என்று வெளியே வைத்திருந்த ரேடியோ. நான்கு மாதம் இப்படியே போயிற்று.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. முதல் நாள் மின்சாரம் போனது. இரண்டாம் நாள் கைபேசிக் கோபுரம் செத்தது. மூன்றாம் நாள் காலையில் வனத்துறையின் வயர்லெஸ் கம்பம் சாய்ந்தது.

ஏழு கிலோமீட்டர் மேலே நீர்ப்பாறை என்ற இடத்தில் வனத்துறை முகாம் ஒன்று இருந்தது. ஓர் அறையும் ஒரு வாசலும்தான். தேயிலை பறிக்கப் போன எட்டுப் பெண்கள் மழைக்கு ஒதுங்கி அங்கே மாட்டிக்கொண்டார்கள். முகாமில் காவல் வேலை பார்த்த காத்தாயி ஒன்பதாவது ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் டீச்சர் அனுமதி வாங்கி அங்கே ஒரு பழைய செட்டை வைத்து, காத்தாயிக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தச் செட்டும் டீச்சர் வீட்டுச் செட்டும்தான் அன்றைக்கு அந்த மலையில் பேசின.

திருமலைக்கொழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிற்பகல் மூன்று மணி.

“டீச்சர், பின்சுவர் வெடிச்சிருக்கு” என்றது காத்தாயியின் குரல். “மேலேருந்து மண்ணு வந்துட்டே இருக்கு. இங்கே இருக்க முடியாது. எந்த வழியா இறங்கறது?”

“கரியனைக் கூட்டிவர ஆள் போயிருக்கு. வந்துடுவார். செட்டை விட்டு நகராதே.”

கரியன் அந்தக் காட்டில் பிறந்தவர். வனத்துறைக்கு வழிகாட்டி. அவருக்குத் தெரியாத தடம் அங்கே கிடையாது.

மேற்கே இடி உருண்டது. திருமலைக்கொழுந்து பழக்கத்தில் எண்ணினார். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எட்டு நொடி. அடுத்தது ஆறு.

“டீச்சர், கம்பியைக் கழட்டுங்க” என்றார் ரேடியோவைப் பார்த்து.

“அவங்களுக்குக் கேட்குமா?” என்றார் சண்முகவடிவு.

“கேட்காது.”

கரியன் வந்துவிட்டது பேச்சில் தெரிந்தது. டீச்சர் குரல் அவசரமில்லாமல் வந்தது. “காத்தாயி, கரியன் வந்துட்டார். மத்தவங்களையும் கூப்பிட்டு வெச்சுக்கோ, எல்லாரும் கேளுங்க. அங்கேருந்து ரெண்டு வழி இருக்கு. ஓடையை ஒட்டின பாதையில போ—”

ஜன்னல் வெளுத்தது. அதே கணத்தில் இடி. பாத்திரங்கள் அதிர்ந்தன. டீச்சர் வீட்டுப் பக்கம் ஒரு சவுக்கு மரம் பிளந்து விழும் சத்தம் கேட்டது.

ரேடியோவில் இரைச்சல் மட்டும் இருந்தது.

பிறகு காத்தாயியின் குரல் வந்தது.

“டீச்சர், போங்கன்னு சொன்னீங்களா, போகாதீங்கன்னு சொன்னீங்களா?”

பதில் இல்லை.

“டீச்சர்?”

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். “போகத்தான் சொன்னாங்க. எப்பவும் போற வழிதானே. கிளம்பலாம்.”

“முழுசா கேட்கலக்கா.”

“சுவத்தைப் பாரு. கேட்டுட்டு இருந்தா உசுரு இருக்குமா?”

திருமலைக்கொழுந்து எழுந்தார். பெட்டியின் மேலிருந்த துணியை இழுத்துப் போட்டார். சண்முகவடிவு எமர்ஜென்சி விளக்கை ஏற்றிப் பிடித்தார். முதல் போல்ட். இரண்டாவது. மழைக் காலத்தில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஆறாவதில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை.

பதினொன்றாவது போல்ட்டின்போது ரேடியோவில் காத்தாயி சொன்னாள். “டீச்சர், இவங்க கிளம்பணுங்கறாங்க. கொஞ்ச நேரம் பார்க்கறோம்.”

“இன்னும் எத்தனை இருக்கு?” என்றார் சண்முகவடிவு.

“இருபத்தொண்ணு.”

சண்முகவடிவு விளக்கை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

திருமலைக்கொழுந்து கடப்பாரையைப் பார்த்தார். மூடியின் அடியில் செம்பு வலையின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. மூன்று வாரம் மடித்த வலை.

“தள்ளுங்க” என்றார் சண்முகவடிவு.

“வேண்டாம். குடு.”

அவரே வாங்கிச் செருகி நெம்பினார். வலை கிழிந்தது. தகடு முனகிக்கொண்டு வளைந்தது. இன்னும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினார். மறுபடி நெம்பினார். கை நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் இருவருமாக மூடியை மடக்கினார்கள்.

செட்டுகள் வெளியே வந்தன. இன்வெர்ட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தில் மாட்டினார். வால்வுகள் சூடேற ஒரு நிமிஷம் வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே கிடந்த ஆன்டெனாக் கம்பியின் முனையை உள்ளே இழுக்க வேண்டும்.

இடி இன்னும் போகவில்லை. முப்பது வருஷம் அவர் தன் லைன்மேன்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இடியில் கம்பியைத் தொடாதே. பீரோவிலிருந்து பழைய ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினார். உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டு ஏறி நின்றார்.

மின்னல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இடி.

கம்பியைப் பிடித்துச் செருகினார்.

“நீர்ப்பாறை, நீர்ப்பாறை. கேட்குதா?”

இரைச்சல்.

“நீர்ப்பாறை. காத்தாயி. கேட்குதா?”

இரைச்சல்.

சண்முகவடிவு அவர் தோளில் கை வைத்தார். அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

“கேட்குது” என்று மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. “படியிலேருந்து ஓடி வர்றேன். எல்லாரும் இறங்கிட்டாங்க. யாரு பேசறது?”

“டீச்சர்கிட்ட படிக்கிறவன். திருமலைக்கொழுந்து.”

“ஐயா, ஓடைப் பாதையில போகலாமா, வேண்டாமா?”

அவருக்குத் தெரியாது. போகலாம் என்றும் வேண்டாம் என்றும் உத்தரவு போட்டே வேலை பார்த்தவர். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட நாக்கு வரை வந்தது. மைக்கை இறுகப் பிடித்தார்.

“எனக்குத் தெரியாதும்மா. டீச்சர் சொல்ல வந்தது பாதியில நின்னுடுச்சு. அதோட மீதி வர்ற வரைக்கும் ஓடைக்கு யாரும் இறங்க வேண்டாம். அவங்களைத் திரும்பக் கூப்பிடு.”

“சுவரு விழுந்துடும் ஐயா.”

“சுவர் பக்கம் நிக்காதீங்க. செட்டை வாசலுக்கு இழுத்துக்கோ. நனைஞ்சா நனையட்டும். முன்னாடி வெட்டவெளியா மேடு ஏதாவது இருக்கா?”

“கொடிக்கம்பத்து மேடு இருக்கு.”

“கம்பத்தை விட்டுத் தள்ளி, எல்லாரும் அங்கே உட்காருங்க. நான் எங்கேயும் போகல. இங்கேயேதான் இருக்கேன்.”

“மீதி யாரு ஐயா சொல்வாங்க?”

“வருவாங்க.”

அவர் அதை எந்த நம்பிக்கையில் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. இடி விழுந்த வீட்டில் டீச்சர் எப்படி இருக்கிறார் என்பதும் தெரியாது. ஆனாலும் நிமிஷத்துக்கு ஒரு முறை பேசினார். எல்லோர் பேரையும் கேட்டார். ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்து சொன்னார்கள். எட்டுப் பேரையும் திரும்பச் சொன்னார். ஒரு பேரைத் தப்பாகச் சொன்னதற்கு அந்தப் பெண் மழையில் நின்றபடி திருத்தினாள்.

கதவு தட்டப்பட்டது. சண்முகவடிவு திறந்தார்.

டீச்சர் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலது காதைப் பொத்தியிருந்தார். பின்னால் கரியன்.

“செட்டு வெளியே இருக்கா சார்?” என்றார் டீச்சர். இடியில் காது அடைத்திருந்ததால் உரக்கப் பேசினார்.

திருமலைக்கொழுந்து நாற்காலியை விட்டு எழுந்து மைக்கை நீட்டினார்.

டீச்சர் உட்கார்ந்தார்.

“காத்தாயி. ஓடையை ஒட்டின பாதையில போகாதீங்க. போகாதீங்க. கொடிக்கம்பத்து மேட்டைத் தாண்டி மேல ஏறினா பழைய குதிரைப் பாதை வரும். இடது கைப் பக்கம் பாறை இருக்கற மாதிரியே நடங்க. ரெண்டு மரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். அங்கே இறங்கினா எஸ்டேட் ஃபேக்டரி. சொன்னதைத் திருப்பிச் சொல்லு.”

காத்தாயி ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். கரியன் தலையை அசைத்தார்.

“கிளம்புங்க” என்றார் டீச்சர். பிறகு எழுந்து, தன் கையாலேயே ஆன்டெனாக் கம்பியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

ஒன்பது பேரும் இருட்டுவதற்குள் ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று மாலை எந்நேரமோ மலையின் ஒரு பக்கம் சரிந்து ஓடையில் விழுந்தது. மறுநாள் கரியன் போய்ப் பார்த்தபோது ஓடை இருந்தது, பாதை இல்லை. முகாமின் பின்சுவரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. திருமலைக்கொழுந்து தன் உதிரிப் பாகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சரின் செட்டைப் பிரித்து மேசையில் பரப்பினார்கள். ஆன்டெனா காயில் என்ற கம்பிச் சுருள் கருகியிருந்தது. இரண்டு கெபாசிட்டர்கள் வெடித்திருந்தன. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன.

“எல்லாம் பிழைச்சிருக்கு டீச்சர்.”

“நான்தான் சொன்னேனே சார், கொஞ்சம் தாங்கும்னு.”

அவர் காயிலுக்குப் புதிய கம்பி சுற்றினார். டீச்சர் கெபாசிட்டர்களை மாற்றினார்.

“பெட்டி?” என்றார் டீச்சர்.

“தட்டி நிமிர்த்திட்டேன். வலையும் புதுசு. போல்ட் இல்லாம நாலு இறுக்கிக் கொக்கி வெச்சிருக்கேன்.”

“இடுக்கு விழலையே?”

“வெச்சுப் பார்த்தேன். பாட்டு நின்னுடுது.”

“நல்லது.”

திருமலைக்கொழுந்து காயிலில் ஒரு சுற்றை இழுத்து இறுக்கினார். பிறகு அவர் கேட்டார்.

“முப்பத்திரண்டு போல்ட்டைப் பார்த்த அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“கேட்டேனே சார்.”

அவர் கம்பியை இன்னும் நாலு சுற்று சுற்றினார்.

“டீச்சர், அன்னைக்கு இடி கிட்ட வந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எனக்கு ஆறு நொடியில கேட்டது. உங்களுக்கு?”

“கடைசியா எண்ணினப்போ ரெண்டு.”

“ரெண்டு நொடி வரைக்கும் ஏன் உட்கார்ந்திருந்தீங்க? இடிச் சத்தம் கேட்டதும் கழட்டணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். செட்டு போச்சு. மரம் நாலடி இந்தப் பக்கம் விழுந்திருந்தா நீங்களும் போயிருப்பீங்க.”

“கழட்டப் போனேன் சார். கம்பி மேல கை வெச்சுட்டேன். அப்போ கரியன் உள்ளே வந்தார்.”

“வந்தா? விஷயத்தை அவர் சொல்லட்டும், இடி போனப்புறம் பேசிக்கலாம்னு இருந்திருக்கலாமே.”

டீச்சர் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார்.

“இருந்திருக்கலாம். ஆனா அவங்க எல்லாரும் செட்டைச் சுத்தி வந்து நின்னுட்டாங்க. ஆரம்பிச்சுட்டேன்.”

“ஆரம்பிச்சா என்ன? பாதியில விட்டுட்டுக் கம்பியைக் கழட்டியிருந்தா—”

“நம்ம தமிழ்ல போகணுமா வேண்டாமாங்கறது வார்த்தையோட கடைசியிலதானே சார் வருது.”

திருமலைக்கொழுந்து காயிலின் கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்து, முனையை முறுக்கி டீச்சரிடம் நீட்டினார்.